யாரும் உட்காராத முன்சீட்

ஹட்டனுக்கு முதன்முறை பஸ்ஸில் போனபோது எனக்கு ஐந்தாறு வயதிருக்கும். வழிநெடுக எத்தனையோ வளைவுகள் வந்தன. ஒன்றில்கூட டிரைவர் வண்டியை நிறுத்தி, இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருக்கவில்லை. “ஏம்மா, இந்த டைவரு கதவத் தொறக்காமலே போறாரு?” என்று கேட்டேன். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினார். முன்னால் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அதுவரை நான் ஏறியிருந்த ஒரே வண்டி எங்கள் தோட்டத்து ஜீப். வண்டி ஓட்டுவதென்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தோட்டத்துக்கு இரண்டு பிரிவுகள். கீழ்ப்பிரிவில் ஆபீஸ், தேயிலை ஆலை, டிஸ்பென்சரி, பாலம், பாலத்துக்கு அப்பால் தார் ரோடு. நாங்கள் இருக்கும் மேல்பிரிவில் வரிசை வீடுகளாக நான்கு லயங்களும் ஒரு கோயிலும் பெரட்டுக்களமும் மட்டும். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடும் அந்தக் களத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஜீப் அங்கேதான் நிற்கும். இரண்டு பிரிவுக்கும் நடுவில் இருப்பதை ரோடு என்று ஆபீஸ் காகிதத்தில் எழுதுகிறோம். உருண்டைக் கற்களும் மழைத்தண்ணீர் அறுத்த பள்ளங்களும்தான் அது. ஆட்டோ ஏறாது, லொறி ஏறாது. ஆம்புலன்ஸ் பாலத்தோடு நின்றுவிடும். நோயாளியைப் பாலம்வரை கொண்டு சேர்க்க அந்த ஜீப் ஒன்றுதான்.

பாதி வழியில் ஒரு வளைவு. கீழே நீர்த்தேக்கம். முக்கால்வாசி நாள் அங்கே மூடுபனிதான்; தண்ணீர் தெரியாது, அதன் குளிர் மட்டும் முகத்தில் படும். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, மேல்பிரிவில் காய்ச்சல் பரவியிருந்த சமயம், தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா தினமும் இதே ஜீப்பில் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போவாராம். ஒரு பின்னேரம் திரும்பும்போது அந்த வளைவில் வழி தெரியவில்லை. டிரைவருக்கு வழி காட்ட, இடது பக்கக் கதவைத் திறந்து கால் வைத்தார். கால் வைத்த இடத்தில் தரை இல்லை. உடல் கிடைக்கவேயில்லை. வறட்சிக் காலத்தில் நீர் வற்றி, உள்ளே மூழ்கிய பழைய ரோடுகூட வெளியே வந்திருக்கிறது. அவர் வரவில்லை.

அதன்பிறகு அந்த முன்சீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை. எல்லோரும் பின்னால் எதிரெதிராக இருக்கும் இரண்டு பெஞ்சுகளில்தான். கீழே போகும்போது வளைவில் வண்டி நிற்கும், கதவு திறக்கும், ஐயா இறங்குவார். மேலே வரும்போது அதே இடத்தில் நிற்கும், ஏறுவார். பத்து எண்ணும் நேரம். அதற்குள் யாரும் பேசமாட்டார்கள், கைக்குழந்தைகளுக்குக்கூட முலை கொடுத்துவிடுவார்கள். யாரும் இதைப் பயத்தோடு செய்ததாக எனக்கு நினைவில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோலச் செய்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளியின் கடைசிப் படியான ஏ.எல். வரை படித்தவன் நான்தான் முதல். கொட்டகலையில் தங்கிப் படித்தேன். படித்தபின் இந்த வழக்கத்தை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. தோட்ட ஆபீஸில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்பதால். போன வருஷம் தோட்டத்து மேலாளர் பெரிய துரை, தோட்டத்தில் இருக்கும் பழைய இரும்புச் சாமான்களை எல்லாம் பட்டியல் போடச் சொன்னார். பழைய ரோலர், உடைந்த கொதிகலன், தராசு. அவற்றோடு “ஜீப் ஒன்று, ஓட்டத்தில்” என்று எழுதினேன். மாடல் என்னவென்று எழுதத் தெரியவில்லை. முன்பக்கம் தட்டிய தகரப்பெட்டி மாதிரி, கித்தான் கூரையோடு இருக்கும் அந்த வண்டியை வேறெங்கும் பார்த்ததில்லை. நான்கு பக்கமும் படம் எடுத்து, பழைய ஜீப் பிரியர்களின் இணையக் குழு ஒன்றில் போட்டு, இது என்ன வண்டி என்று கேட்டேன். பட்டியலைச் சரியாக முடிக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை.

தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் போன் சூடாகிவிட்டது. எந்தெந்த நாட்டுக்காரர்களோ எழுதியிருந்தார்கள். இராணுவத்துக்கென்று சில வருஷம் மட்டும் செய்து நிறுத்திவிட்ட வகை என்றும், மலைத்தோட்டங்களுக்குக் கைவிரல் விட்டு எண்ணும் அளவில்தான் வந்தன என்றும், இன்னும் ஓடுகிற ஒன்று இருப்பதை நம்பமுடியவில்லை என்றும். கொழும்பிலிருந்து ஒருவர் நேரடியாகவே அழைத்தார்.

“தம்பி, ஒரு உதவி. அந்த வண்டியை யாரையும் தொட விடாதீங்க. கழுவவும் வேணாம்.”

“தினமும் ஓடுற வண்டிங்க.”

“தினமுமா?” என்றார்.

அடுத்த கிழமையே வந்துவிட்டார். ஐம்பது தாண்டிய, மெல்லப் பேசுகிற மனிதர். வெள்ளைக் கையுறை, சிறிய டோர்ச். பாலத்தடியில் அவர் எல்லோரையும்போல முன்கதவைத் திறக்கப் போனார். எங்கள் டிரைவர் அண்ணன் கையை நீட்டித் தடுத்தார்.

“ஐயா, பின்னாடி ஏறிக்குங்க.”

“ஏன், சீட் உடைஞ்சிருக்கா?”

“ஆளு இருக்கு.”

அவர் காலியான சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். படித்தவன் இல்லையா. மேலே போய்ச் சேர்ந்தபின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் மண்டியிட்டு, அந்தச் சீட்டின்மேல் டோர்ச் அடித்தார். கித்தானின் பச்சை நிறம் மங்கவில்லை. தையல் நூல் ஒன்றுகூடப் பிரியவில்லை. தொழிற்சாலை முத்திரை அப்படியே படிக்கமுடிந்தது.

“உலகத்துல இந்த வண்டி இன்னும் சிலது இருக்கு தம்பி. எல்லாத்துலயும் சீட் மாத்தினதுதான். போட்ட சீட் போட்டபடி, ஒருத்தர்கூட உட்காராம...” என்றார். அவர் குரல் இறங்கிப்போயிற்று, சாமி அறையில் பேசுகிறவர் மாதிரி.

எனக்குத் தெரியாததைக் கேட்டேன். குறைவாகச் செய்ததற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று.

“குறைவா செய்தா மட்டும் போதாது. யாருக்கும் பிடிக்காம போயிருக்கணும். நல்லா வித்த வண்டிக்கு எல்லா இடத்திலயும் சாமான் கிடைக்கும், ஆள் இருக்கும். இது விக்கல. செய்தவனே நிப்பாட்டிட்டான். வாங்கினவன் காட்டுலயும் மேட்டுலயும் அடிச்சு முறிச்சான். காட்டு வண்டி ஒண்ணும் வயசாகிச் சாகிறதில்ல தம்பி, வேலை செஞ்சே சாகும். மிச்சம் இருக்கிறது தவறிப்போய்ப் பிழைச்சது. அதுக்குத்தான் விலை.”

பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, சீட்டின் நடுவில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார். கையை எடுத்தார். மறுபடி அழுத்தினார். அவர் நெற்றி சுருங்கியது.

“துணி புதுசு. ஸ்பிரிங் எல்லாம் இறங்கிப்போயிருக்கே?”

நானும் தொட்டுப் பார்த்தேன். துணியில் ஒரு சுருக்கம் இல்லை. அடியில் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்த அளவுக்குக் குழி. பல வருஷம் ஒரே ஆள் உட்கார்ந்த பஸ் சீட்டில் இருப்பதைப்போல. துருப்பிடித்து இறங்கியிருக்கும் என்றேன். “இருக்கும்” என்றார் அவர். கையுறையை உடனே மாட்டிக்கொண்டார்.

அவர் சொன்ன விலையைக் கேட்டுப் பெரிய துரை என் தோளில் தட்டினார். மேல்பிரிவுக்கு வண்டி இல்லாமல் போகுமே என்றேன். அடுத்த மாதக் கடைசியில் ஒரு ட்ராக்டர் வரும், அதுவரை சமாளிக்கலாம் என்றார்.

சமாளிக்க முடியாத ஒரு விஷயம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அக்கா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கிளினிக்கில் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம். ஜீப் போகிற நாளுக்கு இன்னும் நான்கு நாள். அக்காவைக் கீழ்ப்பிரிவில் யார் வீட்டிலாவது தங்கவைக்கலாம் என்று பேசி, வீடு அப்போதுதான் ஒழியும் என்பதால் வருகிற ஞாயிற்றுக்கிழமை இறக்குவதாக முடிவு செய்திருந்தோம். ஜீப் போவது வெள்ளிக்கிழமை என்பதை அம்மாவிடம் நான் சொன்னதே புதன்கிழமைதான்.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “எங்க யாருக்கும் தெரியாத வெல ஒனக்கு மட்டும் எப்புடிடா தெரிஞ்சிச்சு?”

“படம் போட்டேன்மா. வெறும் படம்.”

“ஊர்ல உள்ளவன் கண்ணெல்லாம் பட்டுருச்சு” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிரைவர் அண்ணன் வேறு மாதிரி. “தம்பி, பெரிய ஆளாயிட்டீங்க. வண்டிய வித்தீங்க, செரி. ஐயாவையும் சேத்துத்தான் வித்தீங்களா? அவருக்குக் கொழும்பு ஒத்துக்கிருமா?” என்று பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கொழும்புக்காரர் இரண்டு வேலையாட்களோடு வந்தார். பாலத்தடியில் வண்டியை ஏற்றிப்போக லொறி நின்றது. கரடு முரடான வழியில் ஆடி உடையக்கூடாதென்று, பின்பக்க பெஞ்சுகள் இரண்டையும் கொட்டகையிலேயே கழற்றி, சாக்கில் சுற்றினார்கள். முன்சீட்டுக்குக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி நாடாவால் ஒட்டினார்கள். பனி கொட்டகை வாசல்வரை வந்து நின்றிருந்தது. வேலையாட்களில் ஒருவன் சீட்டை ஒட்டும்போது இரண்டு தடவை நிமிர்ந்து, யாரோ கூப்பிட்டதுபோலப் பின்னால் பார்த்தான்.

அப்போதுதான் எங்கள் லயத்திலிருந்து சத்தம் கேட்டது. நான் ஓடினேன். அக்கா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் தண்ணீர். அம்மா அவள் இடுப்பைத் தாங்கிக்கொண்டிருந்தார். “நிக்காத, ஜீப்ப எடுக்கச் சொல்லு” என்றார்.

அக்காவைக் கொட்டகைக்கு நடத்திக்கொண்டு வந்தபோது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. பின்னால் வெறும் இரும்புத்தரை. பெஞ்சு மாட்டும் ஆணிகள் விரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றன. திரும்ப மாட்ட நேரமில்லை. உட்கார ஒரே ஓர் இடம்தான் இருந்தது.

கொழும்புக்காரர் சீட்டையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. முகம் வெளுத்துப்போயிற்று. “பிளாஸ்டிக்க எடுக்காம, அப்படியே மேல...” என்றார்.

“வழுக்கி விழுந்தா நீங்களா வந்து புள்ளயப் புடிப்பீங்க?” என்று அம்மா தாளை நகத்தால் கிழித்துப் போட்டார். போட்டவர், அதற்கு மேல் கையை நீட்டவில்லை. அந்தச் சீட்டின் ஓரத்தில்கூட அவர் கை பட்டதில்லை, ஆயுசில். டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் ‘ஏறு’ என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏ.எல். படித்த நான்.

அக்கா கதவுக்கம்பியைப் பிடித்தாள். வலி ஒன்று வந்து போகும்வரை தலைகுனிந்து நின்றாள். பிறகு காலியான சீட்டைப் பார்த்து, பஸ்ஸில் சொல்வதுபோலச் சொன்னாள்: “கொஞ்சம் தள்ளி உக்காருங்கய்யா.”

ஏறிக்கொண்டாள்.

அம்மாவும் நானும் பின்னால் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வண்டி இறங்கத் தொடங்கியது. வலி வரும்போது அக்கா பல்லைக் கடித்துக் கம்பியில் தலையைச் சாய்த்தாள். நான் பின்னாலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைமாத வயிற்றோடு இருக்கிறவள், அகலமான அந்தச் சீட்டில், டிரைவர் பக்கம் ஒடுங்கிப் பாதியில்தான் உட்கார்ந்திருந்தாள். கதவுக்கும் அவள் தோளுக்கும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டிருந்தது. வண்டி எத்தனை தூக்கித் தூக்கிப் போட்டும் அவள் அந்தப் பக்கம் சரியவில்லை. அங்கே ஏதோ முட்டுக் கொடுத்ததுபோல இருந்தாள்.

வளைவில் டிரைவர் அண்ணன் நிறுத்திவிட்டார். வேண்டுமென்று நிறுத்தவில்லை, கால் தானாக மிதித்துவிட்டது என்று பிறகு சொன்னார். கை தானாக அக்காவுக்குக் குறுக்கே நீண்டு கதவின் கொக்கியைத் தொட்டது. வெளியே வெள்ளையாக ஒன்றுமில்லை. அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேணாம்ணே. ஐயா எறங்கல. ஆஸ்பத்திரி வரைக்கும் வாராரு.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்ததை உணர்ந்தேன். பாலத்தைத் தாண்டி, ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல், அதே ஜீப்பிலேயே ஆஸ்பத்திரி வாசல்வரை போனோம். உள்ளே போய் அரை மணிநேரம்கூட ஆகவில்லை, பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்றார்கள். அம்மா அங்கேயே தங்கிவிட்டார்.

திரும்பும்போது பாலத்தில் கொழும்புக்காரர் காத்திருந்தார். சீட்டைப் பார்க்கவேண்டும் என்றார். அக்கா வலியில் பிடித்து இழுத்ததில் கித்தான் தையலோடு கிழிந்திருந்தது. இரத்தமும் பனிக்குட நீரும் ஊறி, முத்திரை இருந்த இடம் தெரியவில்லை. அவர் டோர்ச்சைக்கூட எடுக்கவில்லை.

“குழந்தை?” என்று மட்டும் கேட்டார்.

“நல்லா இருக்குங்க.”

தலையாட்டினார். “நான் அந்த விலை சொன்னது இந்தச் சீட்டுக்குத்தான் தம்பி” என்றார். பெரிய துரையிடம் அவர் புதிதாகச் சொன்ன தொகை ஒரு ட்ராக்டருக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. விற்பனை அத்தோடு நின்றது. லொறி வெறுமையாகத் திரும்பிப் போயிற்று.

டிரைவர் அண்ணனும் நானும் மட்டும் மேலே போனோம். நான் பின்னால் நின்றேன். பின்னேரம் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. வளைவில் அவர் நிறுத்தி, கதவைத் திறந்தார். பத்து எண்ணும் நேரம் போயிற்று. இருபதும் போயிற்று. பனி உள்ளே வந்து ஈரச் சீட்டின்மேல் அசையாமல் நின்றது.

“தம்பி” என்றார் மெல்ல. “ஏறல.”

“எப்புடிண்ணே தெரியும்?”

“இத்தன வருஷமா ஏத்துறேன், தெரியாதா? ஏறுனா வண்டி இடது பக்கம் ஒரு விரக்கட சாயும். இன்னக்கிச் சாயல.” கீழே வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். “அங்கனயே வுட்டுட்டு வந்துட்டமோ?”

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

மேல்பிரிவுக்கு அந்தச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்த மாதிரி இருந்தது. குழந்தை என்ன குழந்தை என்று கேட்டவர்கள் அடுத்ததாகக் கேட்டது அதைத்தான். “தெரியாத ஊருல வுட்டுட்டு வந்துருக்கீங்களே, அறிவிருக்கா?” என்று கடைசியில் உள்ள தொங்கல் லயத்துப் பெரியம்மா ஒருத்தி டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். அடுத்த இரண்டு நாளும் ஜீப் வளைவில் நின்றது, கதவு திறந்தது, சாயவில்லை. யாருக்கும் வேலை ஓடவில்லை. எதற்கு என்று சொல்லத் தெரியாமல் எனக்கும் ஓடவில்லை.

மூன்றாம் நாள் அக்காவை அழைத்துவரப் போனோம். பெஞ்சுகளைத் திரும்ப மாட்டியிருந்தோம். அக்கா குழந்தையை அம்மாவிடம் கொடுத்துப் பின்னால் ஏற்றிவிட்டு, தான் மட்டும் ஆஸ்பத்திரி வாசலில், திறந்த முன்கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். பின்னால் ஒரு வான்காரன் ஹோர்ன் அடித்தான். அவள் அசையவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வழி விடுகிறவள்போல ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

ஜீப் சாய்ந்தது. பின் பெஞ்சில் இருந்த எனக்கே தெரிந்தது.

அக்கா கதவைச் சாத்திவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தாள். “போலாம்ணே” என்றாள்.

குழுவிலிருந்து எனக்கு இன்னும் செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. சீட் போனால் என்ன, வண்டி போதும் என்று இரண்டு பேர். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் யாராவது லொறியோடு பாலத்தடிக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. உலகத்தில் மிச்சமிருக்கும் இந்த வகை வண்டிகளையெல்லாம் பட்டியல் வைத்திருக்கும் ஒருவர் அந்தக் குழுவில் உண்டு. அவருக்கு எழுதினேன்: எங்கள் வண்டி பள்ளத்தில் விழுந்துவிட்டது, இரும்புக்குப் போட்டுவிட்டோம். நான் தெரிந்து எழுதிய முதல் பொய் அது. அன்றே பதில் வந்தது. வருந்துவதாகவும், பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகவும். அதன் கீழே வேறொருவர், அப்படியானால் தன்னிடம் இருப்பதற்கு இனி மதிப்புக் கூடும் என்று எழுதி, நன்றி சொல்லியிருந்தார்.

அந்த நன்றியை வாசித்துவிட்டுப் படங்களை அழித்தேன். ஆபீஸ் பட்டியலில் ‘ஜீப் ஒன்று, ஓட்டத்தில்’ என்பதை அப்படியே விட்டுவிட்டேன். அது துரையின் மேசைக்கு மட்டும் போகிற காகிதம். இன்று காலையும் அதில்தான் வேலைக்கு இறங்கினேன். தடுப்பூசிக்குக் கிளினிக் போகிற மூன்று தாய்மார் கூட வந்தார்கள், அக்காவும் ஒருத்தி. வளைவில் நின்றோம். குழந்தை அழப் பார்த்தது. அக்கா அதை மாரோடு அணைத்துக்கொண்டாள். பத்து எண்ணினேன். வண்டி நிமிர்ந்தது.